திரும்பி வந்த தம்பிக்கு: விவாதம் காத்திருக்கும், களா காத்திருக்காது

சில வருஷம் தொழுகையும் நோன்பும் விட்டு, "நமக்கு மதமெல்லாம் கிடையாது" என்று சொல்லித் திரிந்து, பிறகு மனம் மாறிப் பள்ளிவாசல் பக்கம் வரும் இளைஞர்களைப் பார்த்தால் சந்தோஷம்தான். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவர்களில் பலர் வந்த வேகத்திலேயே பழைய நாத்திக நண்பர்களின் பதிவுகளுக்குக் கீழே போய் மல்லுக்கு நிற்கிறார்கள். ஒளுவின் (தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுவது) ஃபர்ளு (கட்டாயக் கடமை) எத்தனை என்று கேட்டால் தடுமாறுகிறவர், பெருவெடிப்பைப் பற்றி நாற்பது வரி எழுதுகிறார். வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது என் கருத்து.

விவாதமே கூடாது என்று நான் சொல்லவில்லை. புதிதாகத் திரும்பியவர் எதிராளியோடு விவாதிப்பதாக நினைத்துக்கொண்டு பெரும்பாலும் தன் பழைய சந்தேகங்களோடுதான் மோதுகிறார். ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் அது அவருக்குப் பின்னூட்டத்தில் ஒரு தோல்வியாக நிற்பதில்லை, ஈமானே (இறைநம்பிக்கையே) ஆட்டம் காண்கிறது. ஈமானை அப்படி ஓர் ஆணியில் மாட்டக் கூடாது. முதலில் வீட்டுக் கணக்கை, அதாவது விட்ட தொழுகையைப் பின்னர் தொழுது ஈடுகட்டும் களாவையும் மற்றக் கடன்களையும் பார்ப்போம்.

நீங்கள் எங்கிருந்து திரும்பி வருகிறீர்கள் என்று தெளிவாகுங்கள். சோம்பலால் தொழாமல் இருந்தவர் வேறு, மார்க்கத்தையே மறுத்தவர் வேறு. சோம்பலால் விட்டவர் ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகி மத்ஹபுகளின் (மார்க்கச் சட்ட வழிகளின்) படி பெரும் பாவி, ஆனால் முஸ்லிம். ஹன்பலி மத்ஹபின் பிரபலமான கருத்து மட்டும் இன்னும் கடுமையானது. ஆகவே தொழாமல் இருந்ததற்காக மட்டும் எல்லார் முன்னாலும் புதிதாகக் கலிமா (நம்பிக்கை உறுதிமொழி) சொல்ல வேண்டியதில்லை, தவ்பா (பாவமன்னிப்பு கேட்டுத் திருந்துவது) போதும். "அல்லாஹ் இல்லை, குர்ஆன் பொய்" என்று நம்பிக்கையாகவே மறுத்தவர் கலிமாவை அர்த்தம் உணர்ந்து சொல்லித்தான் திரும்ப வேண்டும். அதற்கு மேடையோ கேமராவோ தேவையில்லை. குளித்துக்கொள்வது நல்லது, ஜனாபத் (தாம்பத்தியம் போன்றவற்றால் வரும் தொடக்கு) இருந்தால் குளிப்பு கடமை.

இந்த இரண்டாமவருக்குச் சில சிக்கல்கள் உண்டு. அவர் ஏற்கெனவே ஹஜ் செய்திருந்தால், ஹனஃபியில் மறுபடி செய்ய வேண்டும். மறுத்ததோடு பழைய அமல்கள் (நற்செயல்கள்) அழிந்தன என்பது அவர்கள் நிலை. ஷாஃபிஈயில் வேண்டாம், மறுத்த நிலையிலேயே இறந்தால்தான் அழியும் என்று குர்ஆனின் 2:217-ஐ (அத்தியாயம் 2, வசனம் 217) காட்டுவார்கள். மறுத்திருந்த காலத்துத் தொழுகைக்கு நேர்மாறு: ஹனஃபியில் களா இல்லை, ஷாஃபிஈயில் உண்டு. திருமணமானவர் என்றால் நிக்காஹ் நிற்கிறதா என்ற கேள்வியும் வரும். ஹனஃபியில் உடனே முறியும். ஷாஃபிஈயில், தாம்பத்தியம் நடந்திருந்தால், இத்தா (மனைவி காத்திருக்கும் காலம்) முடிவதற்குள் திரும்பினால் நிக்காஹ் நிற்கும். இந்தியச் சட்டம் தனி வழியில் போகிறது: 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, மனைவி மதத்தை விட்டதாலேயே திருமணம் முறிந்துவிடாது. இதையெல்லாம் கூகுளில் தேடாதீர்கள், முகநூலில் கேட்கவும் வேண்டாம். ஊர் ஹஸ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) தனியாகப் போய்ப் பேசுங்கள். தேவைப்பட்டால் புது மஹரோடு (மணக்கொடையோடு) நிக்காஹ்வைப் புதுப்பிப்பது கால் மணி நேர வேலை. ஜமாஅத் கூட்டத்தில் வைத்துப் பேச வேண்டிய விஷயமே இல்லை.

அடுத்து களா. நான்கு மத்ஹபிலும் பெரும்பான்மைக் கருத்து, வேண்டுமென்றே விட்ட தொழுகைக்கும் களா உண்டு என்பதுதான். இப்னு ஹஸ்ம், இப்னு தைமிய்யா போன்ற பழைய அறிஞர்கள் அதற்குக் களா இல்லை, தவ்பாவும் அதிகமான நஃபிலும் (கடமைக்கு மேலான விருப்பத் தொழுகையும்) தான் என்றார்கள். எதை எடுக்கிறீர்களோ, தெரிந்து எடுங்கள். சுலபம் என்பதற்காக எடுக்காதீர்கள். களா என்று முடிவு செய்தால் கணக்கு இப்படி: பருவமடைந்த வயதிலிருந்து விட்ட வருஷங்களை உத்தேசமாக, சந்தேகம் வந்தால் கூட்டியே எழுதுங்கள். ஒரு நாளுக்கு ஃபர்ளு 17 ரக்அத் (தொழுகைச் சுற்று). ஹனஃபியில் வித்ரு (இரவுத் தொழுகை) வாஜிப் (ஃபர்ளுக்கு அடுத்த கட்டாயம்) என்பதால் அதற்கும் 3 சேர்த்து 20. சுன்னத்துகளுக்கு (நபிவழித் தொழுகைகளுக்கு) கணக்கு வேண்டாம். பெண்கள் மாதவிடாய் நாட்களைக் கழிக்கலாம்; அந்தத் தொழுகைக்குக் களா கிடையாது, நோன்புக்கு மட்டும் உண்டு. 12 வருஷம் விட்டவர் ஒவ்வொரு ஃபர்ளோடும் ஒரு களா தொழுதால் 12 வருஷத்தில் முடியும், இரண்டு தொழுதால் 6 வருஷம். தேதி நினைவிருக்காது, அதனால் "என்மேல் கடமையான முதல் லுஹர் (நண்பகல் தொழுகை)" என்று நிய்யத் (மனதில் எண்ணம்) வைப்பது வழக்கம். ஆறு தொழுகையோ அதற்கு மேலோ சேர்ந்துவிட்டால் ஹனஃபியில் வரிசை பார்க்க வேண்டியதில்லை. ஷாஃபிஈ நூல்கள், காரணமில்லாமல் விட்டவர் களா முடியும்வரை நஃபிலில் இறங்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லும். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கைப் பக்கத்து ஆட்கள் இதைத் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கே உடைகிறது என்றால், முதல் வாரத்தில் ஒரு நாளைக்குப் பத்து நாள் களா தொழுவதில். மூன்றாவது வாரம் முதுகு வலிக்கும், சுபுஹும் (விடிகாலைத் தொழுகையும்) போகும். நடப்புத் தொழுகை ஐந்தும் நேரத்தில் நிலைத்த பிறகு களாவைக் கூட்டுங்கள்.

பணம் பற்றித் திரும்பி வந்தவர்கள் பேசுவதே இல்லை. நிஸாப் (ஜகாத் என்ற கட்டாயத் தானம் கடமையாகும் குறைந்தபட்ச அளவு) தங்கத்தில் சுமார் 85 கிராம், நம் ஊர்க் கணக்கில் 11 சவரன் என்பார்கள். கொடுக்காமல் விட்ட வருஷங்களின் ஜகாத் கழுத்தில் நிற்கும் கடன். 20 சவரன் தங்கம் 5 வருஷம் இருந்தால், ஒவ்வொரு வருஷத்தின் கடனையும் கழித்துக்கொண்டே 2.5 சதவீதம் போட்டால் மொத்தம் 19 கிராம் வரும். பெண் அணியும் நகை என்றால் ஷாஃபிஈயில் ஜகாத் இல்லை, ஹனஃபியில் உண்டு. அப்புறம் மனிதர்களின் ஹக் (உரிமை). அடுத்தவர் பணம், அவதூறு, தங்கைக்குச் சேர வேண்டிய பாகம் இவற்றுக்கு அழுகை போதாது. திருப்பிக் கொடுத்தால்தான் தவ்பா நிறைவாகும்.

இவ்வளவும் ஓர் ஓட்டத்துக்கு வந்த பிறகு விவாதத்துக்கு வாருங்கள். வரும்போது சிலவற்றை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

முதலில் விட வேண்டியது "அறிவியல் அற்புதங்கள்". "இரும்பை இறக்கினோம்" (57:25) என்று இருக்கிறது, இரும்பு விண்வெளியிலிருந்து வந்தது, பார்த்தீர்களா என்பார்கள். இறக்கினோம் என்ற அதே சொல் 39:6-இல் ஆடு மாடுகளுக்கும், 7:26-இல் ஆடைக்கும் வருகிறது. எதிராளி அந்த இரண்டு வசனத்தையும் எடுத்துப் போட்டால் என்ன செய்வீர்கள்? கரு வளர்ச்சி வசனங்களை (23:12-14) வைத்துப் பேசினால், கருவைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது கிரேக்க மருத்துவர் காலெனிடமே இருக்கிறதே என்று பதில் வரும். வானம் விரிகிறது என்று 51:47-ஐக் காட்டினால், பழைய தஃப்ஸீர்களில் (குர்ஆன் விரிவுரைகளில்) அதற்கு "ஆற்றல் மிக்கவர், விசாலமாக்கியவர்" என்ற விளக்கங்களும் உண்டு. வசனத்தில் குறையில்லை. அதன்மேல் நாம் ஏற்றிய சுமைதான் குறை. இன்றைய அறிவியல் கருத்தில் ஈமானைக் கட்டினால், நாளை அந்தக் கருத்து மாறும்போது எதைப் பிடிப்பீர்கள்? ஆங்கிலத் தஃவா (மார்க்கப் பிரசார) உலகில் இதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஹம்ஸா ஸோர்ட்ஸிஸ் 2013-இலேயே இந்த வாதத்தை விட்டு விலகி எழுதினார். தமிழில்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எண் கணக்கும் அப்படித்தான். "நாள் என்ற சொல் 365 தடவை" என்பது ஒருமையை மட்டும் எண்ணுவதா, பன்மையையும் சேர்ப்பதா, விகுதி ஒட்டியதை என்ன செய்வது என்பதைப் பொறுத்து மாறும். விரும்பிய எண் வரும்வரை விதியை வளைக்கலாம். 19 என்ற எண்ணை வைத்துக் குர்ஆனை அளந்த ரஷாத் கலீஃபா கடைசியில் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்று 9-ஆம் அத்தியாயத்தின் கடைசி இரண்டு வசனங்களையே மறுத்தார், தன்னை இறைத்தூதர் என்றும் சொன்னார். அந்தப் பாதை போய் முடிகிற இடம் அது.

"குரங்கிலிருந்து மனிதன் வந்தால் இன்னும் ஏன் குரங்கு இருக்கிறது?" தயவுசெய்து வேண்டாம். பரிணாமம் பேசுவது பொது மூதாதையைப் பற்றி. அந்தக் கேள்வி நீங்கள் படிக்கவில்லை என்பதை மட்டும் காட்டும். ஆதம் (அலை) படைப்பை விதிவிலக்காக வைத்து, மற்ற உயிர்களின் பரிணாமத்தை மறுக்கத் தேவையில்லை என்போரும் நம் அறிஞர்களில் உண்டு.

தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொன்று: பெரியாரை எடுத்துப் பெரியாரியவாதியை அடிப்பது. இன இழிவு நீங்க இஸ்லாம் நல்ல மருந்து என்று பெரியார் 1947-இல் பேசினார், உண்மை. ஆனால் அவர் சொன்னது சாதியிலிருந்து வெளியேறும் சமூக வழியை. கடவுள் உண்டு என்பதற்கு அதில் ஒரு வரிகூடச் சாட்சி இல்லை. கடைசிவரை கடவுள் மறுப்பாளராகவே இருந்தார். சமத்துவம் பற்றிய பேச்சில் அது பொருந்தும், இறைவன் இருப்பு பற்றிய பேச்சில் பொருந்தாது.

பிறகு என்னதான் பேசுவது? படிகளைப் பிரியுங்கள். இறைவன் இருக்கிறானா, இருந்தால் மனிதனோடு பேசுவானா, முஹம்மது (ஸல்) அவர்கள் அவன் தூதரா, அவர்கள் கொண்டுவந்தது நமக்குச் சரியாக வந்து சேர்ந்ததா, அதன் இந்தச் சட்டம் நியாயமா. ஐந்தும் ஐந்து கேள்விகள். பெரும்பாலான சண்டைகள் கடைசிப் படியில் தொடங்கி, இரண்டாவது பின்னூட்டத்தில் முதல் படிக்குத் தாவும். "நாம் எந்தப் படியில் நிற்கிறோம்?" என்று கேட்டு அங்கேயே நில்லுங்கள்.

முதல் படியில் குர்ஆனே ஒரு வாதம் வைக்கிறது: எதுவும் இல்லாமலே படைக்கப்பட்டார்களா, இல்லை தாங்களே படைப்பவர்களா (52:35). பழைய இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி இதைத் தர்க்கமாக்கினார்: தோன்றியது எதற்கும் காரணம் உண்டு, உலகம் தோன்றியது, ஆகவே அதற்குக் காரணம் உண்டு. "அப்படியானால் கடவுளைப் படைத்தது யார்?" என்று கேட்பவர் முதல் வரியைத் தவறாகப் படித்திருக்கிறார். "எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு" என்று யாரும் சொல்லவில்லை, தோன்றியதற்கு என்றுதான் சொன்னோம். ஆனால் எதிராளியிடம் இதைவிட நல்ல பதில் இருக்கிறது: "உலகம் இருக்கிறது, அவ்வளவுதான், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை." 1948-இல் பிபிசி வானொலி விவாதத்தில் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் எடுத்த நிலை அதுதான். அதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்று யோசித்துவிட்டு வாருங்கள். இன்னொன்று, இந்த வாதம் முழுசாக வென்றாலும் கிடைப்பது ஒரு முதற்காரணம் மட்டுமே. அங்கிருந்து மக்காவுக்கு இன்னும் நீண்ட தூரம். அந்தத் தூரத்தை ஒரே தாவலில் தாண்டியதாகக் காட்டுவது நேர்மையில்லை.

"கடவுள் இல்லை என்று நிரூபி" என்றும் கேட்காதீர்கள். உரிமை கோருபவன்தான் சாட்சி கொண்டுவர வேண்டும் என்பது நம் ஷரீஅத்தின் வழக்கு விதியே. உண்டு என்பவர் நீங்கள், சாட்சியும் உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

மிகக் கடினமானது துன்பம் பற்றிய கேள்வி. குழந்தைக்கு ஏன் புற்றுநோய்? இதற்கு முஃதஸிலா, அஷ்அரி என்ற இரு இறையியல் பிரிவினரும் நூற்றாண்டுக் கணக்கில் மோதியிருக்கிறார்கள், நீங்கள் மூன்று வரியில் தீர்த்துவிட மாட்டீர்கள். கேட்பவர் தத்துவமாகக் கேட்கிறாரா, வீட்டில் யாரையாவது பறிகொடுத்துவிட்டுக் கேட்கிறாரா என்று பாருங்கள். இரண்டாமவரிடம் "இது சோதனை" என்று சொல்வது பதிலில்லை, அடி. அவரோடு விவாதம் வேண்டாம், போய்ப் பாருங்கள்.

நபியின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களின் திருமண வயதைக் கொண்டுவருவார்கள். புகாரி ஹதீஸ் தொகுப்பில் நிக்காஹ் ஆறு வயதில், சேர்ந்து வாழத் தொடங்கியது ஒன்பதில் என்று இருக்கிறது; இல்லவே இல்லை என்று மழுப்பினால் அடுத்த நிமிஷம் படம் பிடித்துப் போடுவார்கள். அந்த அறிவிப்பை மறுத்து வேறு கணக்குப் போடும் முஸ்லிம் எழுத்தாளர்களும் உண்டு. ஆனால் நேற்று வேறொரு விஷயத்துக்குப் புகாரியை இறுதித் தீர்ப்பாகக் காட்டியவர் இன்று அதே புகாரியை ஓரமாக வைக்க முடியாது. எது உங்கள் நிலை என்று முன்பே தீர்மானித்துவிட்டுப் பேசுங்கள்.

எதிராளியின் கருத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி முதலில் உங்களால் எழுத முடிகிறதா பாருங்கள். கஸ்ஸாலி தத்துவவாதிகளை மறுப்பதோடு நிற்கவில்லை, அவர்களுடைய கொள்கைகளை விளக்கித் தனி நூலே எழுதினார். அந்த விளக்கம் எவ்வளவு சுத்தமென்றால், லத்தீனில் படித்த ஐரோப்பியர்கள் அவரையும் அந்தத் தத்துவவாதிகளில் ஒருவர் என்றே நினைத்துவிட்டார்கள். அவருக்கும் ஐம்புலனையே நம்ப முடியாத சந்தேகக் காலம் ஒன்று இருந்தது, சுமார் இரண்டு மாதம். 1095-இல் பக்தாதின் பெரிய பதவியை விட்டுப் போனார். பதினோரு வருஷம் கழித்துத்தான் மறுபடி நிஷாப்பூரில் பாடம் நடத்த வந்தார். நம் தம்பிமார்கள் பதினோரு நாள்கூடப் பொறுப்பதில்லை.

கேலி தொடங்கினால் என்ன செய்வது என்பதற்கு வசனமே இருக்கிறது. 4:140: இறைவசனங்கள் கேலி செய்யப்படும்போது, அவர்கள் வேறு பேச்சுக்குப் போகும்வரை அவர்களோடு உட்காராதீர்கள். வேறு பேச்சுக்குப் போகும்வரைதான். நட்பை முறி என்றோ, வசை பாடு என்றோ அதில் இல்லை. அவர்கள் வணங்குவதைத் திட்டாதீர்கள் என்று 6:108 தனியாகவே சொல்கிறது.

இதையும் சொல்லாமல் விவாதம் பற்றி எழுதுவது பொய்யாகிவிடும். 2017 மார்ச்சில் கோவையில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து இறைமறுப்பை எழுதிவந்த திராவிடர் விடுதலைக் கழகத்து இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். "மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை" (2:256) என்று நாம் எழுதும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் அந்தக் கொலையை நினைக்கிறது. அதை "ஆனால்" சேர்க்காமல் கண்டிக்க முடியாதவர் நாத்திகரோடு விவாதிக்கப் போக வேண்டாம். உயிருக்குப் பயந்து பேசுகிறவனிடம் நீங்கள் ஜெயித்தால் அது என்ன ஜெயம்?

உள்ளுக்குள் சந்தேகம் வந்தால் பதறாதீர்கள். சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் வருகின்றன என்று ஸஹாபாக்களே (நபித்தோழர்களே) நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். அதுதான் தெளிவான ஈமான் என்று பதில் வந்தது (முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பு). வரும் எண்ணம் வேறு, தேடிப் போய்த் தின்பது வேறு. இரவு இரண்டு மணிவரை விவாதக் காணொளி பார்த்துவிட்டுச் சுபுஹை விடுகிறவருக்கு மருந்து இன்னொரு காணொளி கிடையாது.

கடைசியாக, வீட்டுக்குள் விவாதம் வேண்டாம். பகுத்தறிவுப் பேசும் அண்ணனோ, தொழாத வாப்பாவோ இருந்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வசனம் அனுப்பி வதைக்காதீர்கள். இணைவைக்கச் சொல்லி வற்புறுத்தும் பெற்றோருக்குக்கூட, அதில் கீழ்ப்படியாதே, ஆனால் உலக விஷயத்தில் அழகாகத் துணையிரு என்றுதான் 31:15 சொல்கிறது. வாப்பாவின் மாத்திரை தீர்ந்ததா, உம்மாவுக்குக் கண் பரிசோதனை எப்போது, அண்ணன் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குக் கை கொடுக்க முடியுமா என்று பாருங்கள். மார்க்கம் பற்றி அவர்களாகக் கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் ஹஸ்ரத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள், மறக்காமல் கேட்டும் சொல்லுங்கள்.