பேஸ்மென்ட் பார்க்கிங்கில் கட்டில் விற்கிறார்கள்

நாகர்கோவிலில் நம்ம ரோட்டுக்கு இன்னொரு பெரிய கடை வருகிறதாம். மளிகை, காய்கறி, துணி, ஃப்ரிட்ஜ், சைக்கிள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்குமாம். நேற்று தெருக்காரர்களைக் கூட்டிவைத்துப் பேசினார்கள். அங்கே கடை தரப்பு ஆள் சொன்னதைக் கேட்டதிலிருந்து ரத்தம் கொதிக்கிறது. "பார்க்கிங் ஒரு பிரச்சினையே இல்ல சார். பேஸ்மென்ட் முழுக்க பார்க்கிங்தான். ரோட்டுல ஒரு வண்டிகூட நிக்காது."

இதே வார்த்தையைத்தான் முக்கில் இருக்கிற ஜவுளிக்கடை கட்டும்போதும் சொன்னார்கள். இன்றைக்கு அந்த பேஸ்மென்டில் இறங்கிப் பாருங்கள். கட்டில், மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி. இறங்குகிற சரிவில் பாதியிலேயே சங்கிலி கட்டியிருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் கூரை முட்ட அட்டைப்பெட்டி. கார் நிறுத்துவதற்காகத் தரையில் போட்ட மஞ்சள் கோடு மெத்தைக்கு அடியில் கொஞ்சம்போலத் தெரிகிறது. அங்கே நிற்க வேண்டிய கார் எல்லாம் எங்கள் வீட்டு வாசலில்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவுக்கு மூச்சிழுப்பு கூடிவிட்டது. பஃப் அடித்தும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்று கேட்டைத் திறந்தால், குறுக்கே ஒரு வெள்ளைக் கார். இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரைக்கும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. பக்கக் கண்ணாடி ரெண்டையும் பத்திரமாக மடக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் அந்த ஆள். தன் கண்ணாடியில் யாரும் இடித்துவிடக் கூடாது என்று யோசிக்கத் தெரிந்தவருக்கு, கேட் என்று ஒன்று இருந்தால் உள்ளே இருக்கிறவர்கள் அது வழியாகத்தான் வெளியே வர வேண்டும் என்று யோசிக்கத் தெரியவில்லை.

கடைக்கு ஓடினேன். வாசலில் நின்ற செக்யூரிட்டி, "வெளிய நிக்க வண்டிக்கு நாங்க பொறுப்பு இல்ல அண்ணே" என்றார். மைக்கில் நம்பரையாவது சொல்லுங்கள் என்றேன். மேனேஜரிடம் கேட்க வேண்டுமாம். மேனேஜர் மூன்றாவது மாடியில். லிஃப்ட் நிறைந்து வழிகிறது, படி ஏறினேன். அவர் ஒரு வாடிக்கையாளரிடம் பட்டுப்புடவையை விரித்துக் காட்டிக்கொண்டே, "பில்லிங்ல சொல்லுங்க சார்" என்றார். பில்லிங்கில் இருந்த பிள்ளை, "கீழ ரிசப்ஷன்ல சொல்லணும் சார்" என்றது. கீழே வந்து, மைக்கில் ஓடிக்கொண்டிருந்த தள்ளுபடி விளம்பரம் முடிகிற வரைக்கும் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அங்கே ஒருத்தி மூச்சு விட முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள், இங்கே ரெண்டு வாங்கினால் ஒன்று இலவசம்! கடைசியில் நம்பரைச் சொன்னார்கள். யாரும் வரவில்லை.

திரும்பி வந்தால் அம்மா நடைப்படியில் ரெண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்குகிறது. வரச்சொன்ன ஆட்டோ முக்கிலேயே நிற்கிறது. தெருவின் ரெண்டு பக்கமும் பைக் வரிசை, உள்ளே நுழைய வழியில்லை. காருக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக அம்மாவை ஒருக்களித்து வெளியே கொண்டு வந்தோம். சரியாக அப்போதுதான் வந்தார், கையில் ரெண்டு பை, பின்னால் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு பிள்ளைகள். முதல் வார்த்தையே, "அஞ்சு நிமிசம்லா ஆச்சு, அதுக்குப் போயி எதுக்கு இந்தச் சத்தம்? போர்டு ஒண்ணும் வைக்கலியே?" நோ பார்க்கிங் போர்டு கேட்டிலேயே தொங்குகிறது. அதை மறைத்துத்தான் வண்டியை விட்டிருந்தார்.

அம்மாவைப் பார்த்ததும் முகம் மாறியது. "கீழ இடம் இல்லேன்னு சொல்லிட்டானுவ அண்ணே, நான் வண்டிய எங்க கொண்டு விட?" என்றார். அந்தக் கேள்வியை என்னிடம் ஏன் கேட்க வேண்டும்? கட்டிலை எடுத்து வெளியே போடு என்று அந்த மேனேஜர் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும். அங்கே ஆயிரக்கணக்கில் பில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வருகிறார்கள், சண்டை மட்டும் எங்கள் வாசலில்.

இந்த லட்சணத்தில்தான் அதைவிடப் பல மடங்கு பெரிய கடை. டிராஃபிக் கணக்கெடுப்பு எல்லாம் எடுத்தாயிற்றாம். எப்போது என்று கேட்டால், மே மாசம்! பள்ளிக்கூடம் அடைத்துக் கிடக்கிற மாசத்தில் ரோட்டில் நின்று வண்டி எண்ணினால் என்ன கணக்கு வரும்? ஆவணி ஞாயிற்றுக்கிழமை நாகராஜா கோயிலுக்குப் பால் ஊற்ற ஜனம் வருகிற நாளில் வந்து எண்ணுங்கள். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா சமயத்தில் எண்ணுங்கள். ஒரு முகூர்த்த நாளில் வேப்பமூட்டிலிருந்து செட்டிகுளம் வரைக்கும் வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் வந்து பேசுங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டுச் சராசரி 555. சென்னைக்கு அடுத்து ஜன நெருக்கம் கூடிய மாவட்டம் அப்போதே நாம்தான். மலை, குளம், வயல் போக மிச்சம் இருக்கிற இடத்தில் வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கிறோம். ரோட்டை அகலப்படுத்தலாம் என்றால் யார் வீட்டை இடிப்பது? பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் மேம்பாலம் கட்டினார்கள், சரி. எங்கள் தெருவுக்கு மேலேயும் பாலம் கட்ட முடியுமா?

2019-இல் வந்த கட்டட விதிகளில் ஒரு கார் நிற்க 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும் என்று அளவே போட்டு வைத்திருக்கிறார்கள். வண்டி உள்ளே போய்த் திரும்புகிற வழி அது போகத் தனி. வரைபடத்தில் எல்லாம் அளவு சுத்தமாகத்தான் இருக்கும். கடை திறந்த பிறகு அந்த இடத்தில் கார் நிற்கிறதா, கட்டில் நிற்கிறதா என்று எந்த அதிகாரி வந்து பார்த்தார்? பழைய கடையின் பேஸ்மென்டைக் காலி பண்ண வைக்க முடியாதவர்கள் புதிய கடைக்கு எந்தத் தைரியத்தில் கையெழுத்துப் போடப் போகிறார்கள்?

சரக்கு லாரி எத்தனை மணிக்கு வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். ராத்திரிதான் மேடம் என்றார்கள். அப்போ நாங்கள் எத்தனை மணிக்குத் தூங்க? உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே கேட்டுதானே, வலது பக்கம் திரும்புகிற கார் நடு ரோட்டில் காத்து நின்றால் பின்னால் வருகிற பள்ளிக்கூட வேன் என்ன செய்யும் என்று கேட்டேன். "செக்யூரிட்டி போடுவோம் சார்." போன கடைக்காரர்களும் போட்டார்கள். விசில் ஊதி ஊதி வண்டியை எங்கள் தெருவுக்குள் திருப்பி விடுவதுதான் அவருக்கு வேலை.

முதலில் அந்தக் கட்டிலை வெளியே எடுக்க வையுங்கள். புதிய கடைக்கு பார்க்கிங்கைக் கட்டி முடித்து, வண்டி விட்டுக் காட்டி, அப்புறம் ஷட்டரைத் தூக்கட்டும். அதுவரைக்கும் சம்மதம் என்று கையெழுத்துப் போட நான் தயாராக இல்லை, எங்கள் தெருவில் ஒருத்தரும் தயாராக இல்லை.

ரோட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் அதிகாரிகளிடம் இதையும் கேட்கிறேன். பாதாள சாக்கடைக்கு என்று தோண்டிவிட்டு மண்ணை மட்டும் தள்ளி மூடிவிட்டுப் போனீர்களே, தார் போட எப்போது வருவீர்கள்? மழை பெய்தால் சகதி, வெயில் அடித்தால் புழுதி. ஒரு பஸ் போனால் வீட்டுக்குள் சோற்றுப்பானை வரைக்கும் மண். அம்மாவின் இழுப்புக்குப் பாதிக் காரணம் அந்தப் புழுதிதான். தார் பிறகு போடுங்கள், தண்ணீர் தெளிக்கவாவது ஒரு வண்டியை அனுப்புங்கய்யா!