"பேப்பர்லதான் போட்டிருந்தோமே!"

டீக்கடையில் பேப்பர் இல்லை, சலூனில் பேப்பர் இல்லை என்று ஆளாளுக்குப் புலம்பிப் பதிவு போடுகிறார்கள். அந்தப் புலம்பலில் எனக்குப் பெரிய பங்கில்லை. வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், நம் ஏரியா பேப்பரில் வருகிறதென்றால் பெரும்பாலும் வெட்டு, குத்து, கஞ்சா, "பிரபல ரவுடி கைது". குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தால் ஒரு போட்டோ போடுவார்கள், அவ்வளவுதான்.

பேப்பர் குறைந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019 பட்ஜெட்டில் பத்திரிகைக் காகித இறக்குமதிக்கு 10 சதவீத வரி போட்டார்கள் (அடுத்த வருடம் 5 ஆக்கினார்கள்). 2020 ஊரடங்கில் பேப்பரைத் தொட்டாலே கொரோனா என்று பயந்து நிறுத்தியவர்கள் பலர் திரும்ப வாங்கவே இல்லை. கையில் போன் இருக்கிறது, போதும் என்று ஆகிவிட்டது. சரி, காலம் மாறும்.

என் பிரச்சினை வேறு. நாம்தான் பேப்பரை விட்டோம், சட்டம் இன்னும் விடவில்லை.

காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், வீட்டில் இருக்கும் கம்மலும் செயினும் அடகுக்குப் போகும். எங்கள் தெரு அக்கா ஒருவர் அப்படி வைத்த செயினை மீட்கப் போனால், ஏலத்தில் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். "ஒரு வார்த்தை சொல்லலையே சார்" என்றதற்கு, "லெட்டர் போட்டோம், பேப்பர்லயும் போட்டிருந்தோமேம்மா" என்று பதில். லெட்டர் பழைய வாடகை வீட்டுக்குப் போயிருக்கிறது. பேப்பரை நான் தேடிப் பிடித்துப் பார்த்தேன். பக்கம் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி எண்கள். கிளையின் பெயர், அதன் கீழே கடன் எண், கமா, கடன் எண், கமா. ஆள் பெயரே கிடையாது. அடகு ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலை ஓட்டித்தான் அக்காவின் எண்ணைக் கண்டுபிடித்தோம். அது ஒரு பத்தியின் கடைசியில், மடிப்பு விழுந்த இடத்தில் இருந்தது.

விதிப்படி அவர்களைக் குறை சொல்ல வழியில்லை. நகைக்கடன் கம்பெனிகள் ஏலத்துக்கு முன் இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் தர வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும் என்பதுதான் ரிசர்வ் வங்கி விதி. அதைச் செய்துவிட்டார்கள். அக்கா வீட்டில் பேப்பர் வாங்குகிறார்களா என்று கேட்கச் சொல்லி எந்த விதியும் இல்லை.

நகை மட்டுமில்லை. வீட்டுக்கடன் கட்டாத வீட்டை வங்கி கையகப்படுத்தினால் அறிவிப்பு பேப்பரில். அரசு நிலம் எடுத்தால் 2013 சட்டப்படி அந்த வட்டாரத்தில் ஓடும் இரண்டு நாளிதழ்களில். மூலப்பத்திரம் தொலைந்தால் நாமே காசு கொடுத்து விளம்பரம் போட வேண்டும். யார் படிப்பதற்கு என்று கேட்காதீர்கள்.

இதில் மணலிக்காரர்களும் எண்ணூர்க்காரர்களும் கவனிக்க வேண்டியது கருத்துக்கேட்புக் கூட்டம், அதாவது பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும் முன் ஊர் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிக்கச் சொல்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரி 22-இல் கூட்டம் என்றார்கள், தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்றார்கள், அதுவும் தள்ளிப்போனது. இரண்டு தடவையும் வாட்ஸ்அப்பில் பையன்கள் சுற்றவிட்டதால்தான் எனக்குத் தெரிந்தது. யாரும் சுற்றவிடாத கூட்டத்தின் கதி என்ன?

அதற்காக வாட்ஸ்அப் போதும் என்று சொல்லவில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்தபோது போன்தான் உதவியது, காலைப் பேப்பருக்குக் காத்திருக்க முடியுமா? ஆனால் அதே மாதம், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் வந்து படிந்ததை, பத்திரிகைச் செய்தியை வைத்துத்தான் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக வழக்காக எடுத்தது. ஃபார்வர்டு மெசேஜுக்கு அந்த மதிப்பு கிடையாது. மனுவோடு இணைக்க பேப்பர் கட்டிங்தான் வேண்டும். அதனால் "பேப்பர் செத்தால் சாகட்டும்" என்கிற தம்பிகளோடும் எனக்கு ஒத்துவராது.

"இ-பேப்பர் இருக்கே அண்ணா" என்பார்கள். சந்தா கட்டி, அஞ்சு அங்குல ஸ்கிரீனில் அந்த ஏல விளம்பரத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

அந்த 2006 அறிவிக்கையிலேயே இன்னொரு வரி இருக்கிறது. நாளிதழ் போய்ச் சேராத இடங்களில் தமுக்கு அடித்தும், வானொலி, தொலைக்காட்சியிலும் மக்களுக்குத் தெரிவிக்க வேண்டுமாம். எழுதியவர்கள் மலைக்கிராமங்களை நினைத்து எழுதியிருக்கலாம். இன்றைக்கு எண்ணூர்க் குப்பங்களும் அந்தக் கணக்கில்தான் வரும் என்பது என் வாதம். தமுக்கு வேண்டாம், ஆட்டோவில் மைக் கட்டினால் போதும், கட்சிக் கூட்டத்துக்குக் கட்டுகிற அதே ஆட்டோ. ரேஷன் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ், அடகு வைத்தவருக்கு அவர் மொழியில் ஒரு குறுஞ்செய்தி.

இதைக் கேட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கலெக்டருக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். திருவொற்றியூர், எண்ணூர், மணலி, காசிமேடு ஆட்கள் கையெழுத்துப் போட விருப்பமிருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். ஏல விளம்பரத்தால் நகை போனவர்கள் ரசீது நகலும் கொண்டுவந்தால் சேர்த்து இணைத்துவிடலாம்.