அழித்தாலும் குறையாத டிஸ்க்

பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபிஸ் லேப்டாப்பில் மறுபடியும் இடமில்லை. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் அந்த உள் மெஷினை குளோன் (நகல்) பண்ணினால், என்றோ அழித்த கோப்புகளின் குப்பையும் கூடவே வருகிறது. உள்ளே 40 ஜிபி அழித்தாலும் வெளியே அதன் டிஸ்க்காக இருக்கும் விடிஐ கோப்பு ஒரு எம்பி கூட இளைக்காது.

அதை இளைக்க வைக்க, மெஷினுக்குள் லினக்ஸுக்கு ஜீரோஃப்ரீ, விண்டோஸுக்கு எஸ்டெலீட் என்ற கருவியை ஓட்டி, காலி இடத்தையெல்லாம் பூஜ்ஜியமாக்கி, மெஷினை அணைத்து, பிறகு கோப்பைச் சுருக்கும் காம்பேக்ட் கட்டளை. கீழே இறங்கிப் பசியாறிவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது! டிஸ்க் கோப்பு விஎம்டிகே என்ற வேறு வகை என்றால் அந்தக் கட்டளையே செல்லாது. முதலில் விடிஐயாக மாற்ற வேண்டும். மாற்றவும் இடம் வேண்டுமே, அதற்கு எங்கே போவது?

அழித்த இடத்தை உடனே திருப்பித் தரும் டிஸ்கார்ட் வசதி விர்ச்சுவல்பாக்ஸிலேயே இருக்கிறது. அதை ஏன் முதலிலேயே போட்டுத் தரக்கூடாது?