ஒரு ஜன்னலுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை

திரையில் ஒரு ஜன்னல், அதில் ஒரு பட்டன். ஜன்னல், பட்டன் எல்லாம் செய்ய உதவும் ஜிடிகே என்ற கருவித்தொகுப்பிடம் எனக்கு முதலில் வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்கு ஒரு ஞாயிறு முழுசாகப் போனது. நிரலைத் தப்பாக எழுதியதால் இல்லை, நிரல் எழுதும் கட்டத்துக்கே போக விடாததால். இதைக் கொட்டாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

மாமா மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடையில் விண்டோஸ் கம்ப்யூட்டர், என் லேப்டாப்பில் உபுண்டு 22.04. பில் போடவும் கடன் கணக்கு பார்க்கவும் சின்னதாக ஒரு மென்பொருள் செய்து தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பொருள் பெயர் எல்லாம் தமிழில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்டது. பைத்தான் தெரியும் என்பதால் அதோடு கூடவே வரும் டிகேஇன்டர் என்ற ஜன்னல் செய்யும் கருவியில் ஆரம்பித்தேன். பத்தே நிமிடத்தில் ஜன்னல் வந்துவிட்டது. ஆனால் ‘கேழ்வரகு’ என்று அடித்தால் ககரம் முன்னால் நிற்கிறது, அதற்கு முன் வர வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய்த் தொங்குகிறது. தேங்காய், பெருங்காயம், வெல்லம் எல்லாவற்றுக்கும் இதே கதி. லினக்ஸில் அது எழுத்துகளை வந்த வரிசையில் அப்படியே அடுக்கிவிடும், கொம்பு எங்கே போய் உட்காரும் என்று பார்க்காது. இப்படி ஒரு பில்லை யாரிடம் நீட்டுவது?

அதனால்தான் ஜிடிகேவுக்கு வந்தேன். அதில் எழுத்தைக் கவனிப்பது பாங்கோ, அதற்கு அடியில் ஹார்ஃப்பஸ். இரண்டும் தமிழை அச்சுப் பிசகாமல் காட்டும். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றுக்கும் ஒரே நிரல் போதும். ஜிடிகேவை நான் குறை சொல்ல வரவில்லை. உள்ளே போய்விட்டால் அருமையான வீடு. வாசல்தான் எங்கே என்று ஒருத்தரும் சொல்வதில்லை.

பைத்தானிலிருந்து ஜிடிகேவைத் தொட பைஜிஆப்ஜெக்ட் என்ற இணைப்பு நூலகம் வேண்டும். எல்லா ஆசிரியரும் சொல்லிக்கொடுப்பதுபோல முதலில் ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் (இந்த ஒரு வேலைக்கு மட்டும் பைத்தானுக்குத் தனி அறை) உருவாக்கி, பைத்தானின் நிறுவியான பிப் மூலம் நிறுவினேன். திரை முழுக்கச் சிவப்பு. அதற்குத் தேவையான நூலகங்களில் முதலில் கெய்ரோ இல்லை என்றது, போட்டேன். அடுத்து ஜிஐ ரெப்பாசிடரி 2.0 இல்லை என்றது. அதைப் போடப் போனால், அப்படி ஒரு பேக்கேஜே இல்லை என்கிறது உபுண்டு. இரவு பதினொன்றரைக்குத்தான் விஷயம் புரிந்தது. பைஜிஆப்ஜெக்ட் 3.52 முதல், ஜிடிகேவுக்கு அடித்தளமான ஜிலிப் நூலகம் 2.80 வேண்டுமாம். என் உபுண்டுவில் இருப்பது 2.72. பதிப்பு எண்ணை 3.52க்குக் கீழே என்று குறிப்பிட்டு நிறுவினால் தீர்ந்தது. இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. உபுண்டுவில் பைஜிஆப்ஜெக்ட் ஏற்கனவே இருக்கிறது! என்விரான்மென்ட்டை உருவாக்கும்போது சிஸ்டம் பேக்கேஜையும் சேர்த்துக்கொள் என்று ஒரே ஒரு சொல் கூடப் போட்டிருந்தால் அன்றைக்கு எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அந்த ஒரு சொல்லை வழிகாட்டியின் முதல் பத்தியில் எழுத என்ன கஷ்டம்?

சரி, நிறுவியாகிவிட்டது. இனி முதல் உதாரணம். தேடினால் பக்கம் பக்கமாகக் கிடைக்கிறது. ஒன்றிலாவது எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று இருக்க வேண்டுமே! ஜிடிகே 2 வந்தது 2002இல், 3 வந்தது 2011இல், 4 வந்தது 2020 டிசம்பரில். மூன்றுக்கும் எழுதிய பாடங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. எந்தப் பதிப்பு வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் கம்ப்யூட்டரில் இருப்பதில் புதியதை அதுவாகவே எடுத்துக்கொள்ளும். அதாவது 3க்கு எழுதிய பாடம் 4இன் தலையில் ஓடும். எல்லாவற்றையும் திரையில் காட்ட ‘ஷோ ஆல்’ என்று அழைத்தேன், அப்படி ஒன்று இல்லை என்றது. பட்டனை ஜன்னலுக்குள் அடுக்கும் ‘பேக் ஸ்டார்ட்’ இல்லை. நிரலை ஓட வைக்கும் ‘ஜிடிகே மெயின்’ கூட இல்லை. எல்லாவற்றையும் 4இல் எடுத்துவிட்டார்கள். எடுத்ததற்கு நல்ல காரணம் இருக்கும், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் பிழைச் செய்தி ‘இல்லை’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறதே, ‘பேக் ஸ்டார்ட்’டுக்குப் பதில் ‘அப்பெண்ட்’ இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? 3இலிருந்து 4க்கு மாறுவதற்கு அதிகாரபூர்வக் கையேடு உண்டு. அது 3ஐ ஏற்கனவே கரைத்துக் குடித்தவர்களுக்கு எழுதியது. 3ஐயே பார்க்காமல் நேராக 4க்கு வருகிறவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

ஜிடிகே எங்கே பிறந்தது என்று நினைத்தால்தான் கோபம் இன்னும் ஏறுகிறது. பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் மாணவர்களாக இருந்தபோது, ஜிம்ப் என்கிற படம் திருத்தும் மென்பொருளுக்காக, மோட்டிஃப் என்ற பழைய கருவித்தொகுப்பு வேண்டாம் என்று தாங்களே செய்துகொண்டது இது. பெயரில் இருக்கும் ‘ஜி’யே ஜிம்ப்தான். அந்த ஜிம்ப், ஜிடிகே 2ஐ விட்டு 3க்கு மாறி நிலையான பதிப்பாக வெளிவந்தது எப்போது தெரியுமா? 2025 மார்ச்சில். 3 வெளியாகிப் பதினாலு வருஷம் கழித்து, 4ம் வந்து நாலு வருஷம் ஆன பிறகு. பெற்ற பிள்ளைக்கே இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்காருகிற நான் எந்த மூலைக்கு?

பழைய பாடம் வேண்டாம், புதியதாகவே பார்ப்போம் என்று அடுத்த ஞாயிறு உட்கார்ந்தேன். அங்கே வேறு தகராறு. ‘இந்தப் பில்லை அழிக்கலாமா’ என்று கேட்க ஒரு சின்னப் பெட்டி வேண்டும். புதிய பாடங்கள் ‘அலர்ட் டயலாக்’ போடு என்கின்றன. அது 4.10இல்தான் வந்தது, உபுண்டு 22.04இல் இருப்பது 4.6. பெட்டியைக் காட்டிப் பதிலுக்குக் காத்திருக்கப் பழைய பாடங்கள் சொல்லும் ‘ரன்’ 4இலேயே போய்விட்டது. ஆக, பழையது எனக்குப் பழையது, புதியது எனக்கு ரொம்பப் புதியது. நடுவில் மாட்டிக்கொண்டவனுக்கு ஒரு பக்கம் கூட இல்லை. உடனே ஒரு பதில் வரும், ‘உபுண்டுவை மாற்று’ என்று. ஏன் மாற்ற வேண்டும்? 2027 வரை ஆதரவு உண்டு என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்?

பொருள், அளவு, விலை, தொகை என்று நாலு கட்டம் போட்ட பட்டியல் வேண்டும். பில் என்றால் அதுதானே. பட்டியல் போடும் பழைய வழியான ‘ட்ரீ வியூ’ பழசாகிவிட்டது, தொடாதே என்கிறார்கள். புது முறையில் ஒரு வரிசைக்குத் தனி ஆப்ஜெக்ட், அதை வைக்க லிஸ்ட் ஸ்டோர், அதற்கு மேல் செலக்ஷன் மாடல், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஃபேக்டரி, அந்த ஃபேக்டரிக்குள் அமைக்க ஒன்று, நிரப்ப ஒன்று. லட்சம் வரிசை இருந்தாலும் திணறாமல் ஓடும் என்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். மளிகைப் பில்லில் இருபது வரி. அந்த இருபது வரிக்கு ஒரு நேர்வழி உதாரணத்தை முதலில் காட்டிவிட்டு அப்புறம் லட்சத்துக்குப் போகலாமே.

மூன்றாவது ஞாயிறு விண்டோஸுக்கு. ‘ஒரே நிரல், எல்லா இடத்திலும் ஓடும்’ என்பது உண்மை. நிரலில் ஒரு வரி கூட நான் மாற்றவில்லை. ஆனால் அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது முழுக்க நம் தலையில். விண்டோஸில் இந்த மாதிரி நூலகங்களை நிறுவித் தரும் எம்சிஸ்2 என்ற தொகுப்பைப் போடச் சொல்கிறார்கள். அக்காவின் விண்டோஸ் லேப்டாப்பை வாங்கிப் போட்டேன். அதற்குள் யூசிஆர்டி64, மிங்டபிள்யூ64, கிளாங்64 என்று தனித்தனி டெர்மினல்கள். ஒன்றில் நிறுவியது இன்னொன்றின் கண்ணில் படாது. இது தெரியாமல் ஒன்றில் ஜிடிகேவைப் போட்டு, மற்றொன்றில் நிரலை ஓட்டி, இல்லை இல்லை என்று வருவதைப் பார்த்துக்கொண்டே மதியச் சாப்பாடு ஆறிப்போனது. அப்புறம் டிஎல்எல் என்கிற நூலகக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பைத்தானுக்கு ஜிடிகேவை அறிமுகப்படுத்தும் டைப்லிப் கோப்புகளைச் சேர்த்து, ஐகான்களைச் சேர்த்து, ஒரு ஃபோல்டராகக் கட்டிச் சாயங்காலம் கடைக்குக் கொண்டுபோனேன்.

ஓடியது. கேழ்வரகு கேழ்வரகாகவே வந்தது. மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தார். அன்றைய கணக்கைப் பென் டிரைவில் எடுக்க ‘சேமி’ பட்டனை அமுக்கினார். ஜன்னல் மறைந்துவிட்டது. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. திரையில் விண்டோஸின் வால்பேப்பர் மட்டும்.

“டேய் மாப்ள, நான் ஏதாவது தப்பா அமுக்கிட்டேனாடா?”

அந்தக் கேள்விதான் எனக்குத் தாங்கவில்லை. அறுபது வயசு மனிதர், தன் கைமேல் பழி போட்டுக்கொள்கிறார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி திறக்கும்போது ஜிடிகே தன் அமைப்பு விவரங்களை ஒரு ஸ்கீமா கோப்பில் தேடும். அந்தக் கோப்பு இல்லாவிட்டால் நிரலையே மொத்தமாக நிறுத்திவிடும். அக்காவின் லேப்டாப்பில் எம்சிஸ்2 இருந்ததால் அங்கே அது கிடைத்தது, என் கண்ணில் குறை படவில்லை. நான் கட்டிய ஃபோல்டரில் அது இல்லை. பெட்டியைத் திறக்கும் உதாரணத்தை நான் எடுத்த பக்கத்திலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. டெர்மினலில் ஓட்டினால்தான் காரணமே தெரியும். கடைக்காரர் எந்த டெர்மினலைத் திறப்பார்?

மறுநாள் ராத்திரி ஸ்கீமாவைச் சேர்த்துக் கொண்டுபோய்ப் போட்டேன். இப்போது சேமிக்கிறது. கூட்டல், கழித்தல், கடன் பாக்கி எல்லாம் சேர்த்து நான் உண்மையில் நிரல் எழுதிய நேரம் ஒரு மதியம்தான். மாமா இன்னும் ‘சேமி’யை அமுக்குவதற்கு முன்னால் கணக்கை ஒரு தடவை நோட்டிலும் எழுதி வைத்துக்கொள்கிறார்.