லாரி போன பிறகு அந்தத் தடத்தை யார் மூடுவது?

போன ஐப்பசியில் எங்கள் ஊரில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் ஊருணிக்குப் போன பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தார்கள். தண்ணீர் இல்லாமல் இல்லை, படி முட்ட நிறைந்துதான் கிடந்தது. ஆனால் செம்மண்ணைக் கரைத்து ஊற்றின மாதிரி இருந்தது. வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகும் எங்கள் பக்கம் பருப்பு வேகவைக்க ஊருணித் தண்ணீர்தான் வேண்டும் என்பார்கள். அந்தத் தண்ணீர் பத்து நாளாகியும் தெளியவில்லை. தை மாதம் நீர் இறங்கியபோது பார்த்தால், அடியில் மூன்று படிகள் வண்டலுக்குள் புதைந்து போயிருந்தன.

நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் ஊருணிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்தோம். முக்கால் மைல் தாண்டியதும் காரணம் கண்ணெதிரே கிடந்தது. அதற்கு முந்தின கோடையில் தைலமரக் காட்டை வெட்டி ஏற்றிப்போன லாரித் தடம். இப்போது அது தடமாக இல்லை. இடுப்பளவு ஆழத்துக்கு ஓடையாக மாறியிருந்தது.

தைலமரம் நிலத்தடி நீரைக் குடிக்கிறதா இல்லையா என்று நாம் வருடக்கணக்காகச் சண்டை போடுகிறோம். அந்தச் சண்டை நடக்கட்டும், அதில் நானும் ஒரு பக்கம்தான். ஆனால் மரம் போன பிறகும் நிலத்தில் தங்கிவிடுகிற இந்தத் தடத்தைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. காரைக்குடியைத் தாண்டிப் புதுக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் சாலையோரக் காடுகளுக்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். வெட்டின காட்டுக்குள் எத்தனை தடங்கள் சும்மா கிடக்கின்றன என்று தெரியும்.

எங்கள் ஊரில் நடந்தது இது. லாரி வரத்துக்காலைக் கடப்பதற்காக இரண்டு சிமென்ட் குழாயைப் போட்டு அதன்மேல் கிராவல் கொட்டியிருந்தார்கள். வேலை முடிந்தது, குழாய் அங்கேயே கிடந்தது. முதல் பெருமழையில் கொப்பும் பட்டையும் மிதந்து வந்து குழாயின் வாயை அடைத்தன. வந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. பக்கத்தில் தடம் இருந்தது, அதில் இறங்கிவிட்டது. மேட்டில் விழுந்து பல வழியாகப் பிரிந்து வரவேண்டிய தண்ணீர் முழுவதும் ஒரே தடத்தில் ஓடி, மண்ணை வாரிக்கொண்டு, கீழே ஒரு வளைவில் மறுபடி வரத்துக்காலில் விழுந்து நேராக ஊருணிக்கு வந்தது.

வெட்டுக் குத்தகை எடுத்தவரிடம் கேட்டபோது, “தடத்தை மூடிவிட்டுத்தானே போனோம்” என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. தடத்தின் முகப்பில் ஜேசிபியால் ஒரு மண்மேடு போட்டு, மேலே கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். லாரிக்குத் தடம் மூடியாகிவிட்டது. தண்ணீருக்கு மூடவில்லை. நான் இந்தப் பதிவை எழுதுவதே இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான்.

“நம்ம ஊர் தட்டை நிலம், இங்கே என்ன மண் அரிக்கப்போகுது?” என்று கேட்பவர்கள் உண்டு. சரிவு குறைவுதான், ஆனால் தடம் நீளம். பாரம் ஏற்றிய லாரி மாதக்கணக்கில் போய் வந்த மண் சிமென்ட் தரை மாதிரி இறுகிவிடும். நம் செம்மண் சும்மாவே மழைத்துளி அடித்தால் மேலே ஓடு கட்டும் மண். விழுகிற மழை உள்ளே இறங்காமல் சக்கரம் பதிந்த இரண்டு பள்ளத்திலும் சேர்ந்து ஓடும், ஓட ஓட வேகம் கூடும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிப் போகக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரியலில் பழைய கணக்கு. அப்புறம், அரிப்புப் பள்ளம் கீழிருந்து மேலே ஏறும். அதன் தலை ஒவ்வொரு மழைக்கும் இடிந்து பின்னால் நகர்ந்துகொண்டே போகும். விட்டுவைத்தால் தானாக ஆறிவிடும் என்பது இதில் நடக்காது.

நாங்கள் முதலில் செய்தது தப்பு. எல்லோரும் செய்வதுபோலத் தடத்தில் வேம்பும் புங்கனும் நட்டோம். இறுகிய மண்ணில் வேர் இறங்கவில்லை, இரண்டு மழையில் பாதிக் கன்றுகள் அடித்துப்போய்விட்டன. அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். கலிபோர்னியாவில் ரெட்வுட் என்ற வானுயர்ந்த மரங்கள் நிற்கும் ரெட்வுட் தேசியப் பூங்காவை 1978-இல் விரிவாக்கியபோது, வெட்டி முடித்த மலைச்சரிவுகளும் அவற்றில் போட்ட ஏராளமான மரலாரிச் சாலைகளும் பூங்காவோடு சேர்ந்து வந்தன. அந்தச் சாலைகளை அப்புறப்படுத்துவதையே ஒரு பெரிய திட்டமாக அங்கே எடுத்துச் செய்தார்கள். அவர்களும் ஆரம்பத்தில் கன்று நடுவது, கையால் சிறுசிறு தடுப்புக் கட்டுவது என்றுதான் தொடங்கினார்கள். போகப்போக, சாலை போட்ட அதே மாதிரி இயந்திரங்களைக் கொண்டுவந்து குழாய்களைப் பிடுங்கி, ஓடைக்குள் கொட்டிய மண்ணை அள்ளி, பழைய சரிவைத் திரும்பக் கொடுப்பதுதான் செலவுக்குத் தகுந்த பலன் தருகிறது என்று கண்டார்கள். நம் மேட்டையும் அவர்கள் மலையையும் ஒப்பிட முடியாது. ஆனால் முதலில் தண்ணீரின் வழி, பிறகுதான் செடி என்ற வரிசை இங்கேயும் பொருந்துகிறது.

இந்த வருடம் அந்த வரிசையில்தான் செய்தோம். முதலில் குழாய் இரண்டையும் எடுத்தோம். மேலே கொட்டிய கிராவலை மொத்தமாக அள்ளி மேட்டில் போட்டு, வரத்துக்காலைப் பழைய அகலத்துக்குத் திறந்தோம். பிறகு டிராக்டரில் உளிக்கலப்பை கட்டி, ஒன்றரை அடி ஆழத்துக்குத் தடத்தைக் கீறிவிட்டோம். வயலில் கெட்டித்தட்டை உடைக்கிற அதே கலப்பைதான். அதன்மேல் குறுக்கு வரப்பு.

இந்தக் குறுக்கு வரப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஜேசிபி ஓட்டும் தம்பி நேர் குறுக்காகப் போடப் போனார், நிறுத்தினோம். நேராகப் போட்டால் தண்ணீர் தேங்கி உடைத்துக்கொண்டு போகும். சுமார் 30 பாகை கீழ்நோக்கிச் சாய்த்துப் போட்டால், வந்த தண்ணீர் வரப்போடு வழுக்கிப் பக்கத்துப் புதருக்குள் போய்விடும். வரப்பின் வால் திறந்திருக்க வேண்டும், அந்த வாயில் நாலு செம்புறாங்கல் கிடக்க வேண்டும். 100 அடிக்கு 2 அடி சரிவு என்றால் 250 அடிக்கு ஒரு வரப்பு, 5 அடி சரிவென்றால் 135 அடிக்கு ஒன்று என்று காட்டுச் சாலைக் கையேடுகளில் இருக்கிறது. நாங்கள் இன்னும் நெருக்கமாகவே போட்டோம். செம்மண்ணை நம்ப முடியாது.

டீக்கடையில் ஒரு பெரியவர் கோபப்பட்டார். “வரப்புப் போட்டு மறிச்சா கண்மாய்க்கு எப்படிப்பா தண்ணி வரும்?” என்றார். நியாயமான பயம். காட்டுக்குள் வரப்பும் குழியும் போட்டு நீர்வரத்தைத் தடுத்த கதை இந்தப் பக்கம் நிறையக் கேட்டாகிவிட்டது. அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். “ஐயா, இது மறிப்பது இல்லை, திருப்பி விடுவது. தண்ணீர் புல்லுக்குள் பரவி, மண்ணை அங்கேயே போட்டுவிட்டு, மெதுவாக வரத்துக்காலுக்கே வரும்” என்றேன். அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. மழை வரட்டும் பார்ப்போம் என்றார்.

செடிக்காகப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. உரித்துப் போட்ட பட்டையையும் கொப்பையும் தடத்தில் பரப்பினோம். தைல இலையைக் குவியலாகப் போட்டால் அடியில் மற்ற விதை முளைக்கத் திணறும், அதனால் அதை ஒதுக்கிவிட்டோம். கொளுஞ்சி, ஆவாரை, கொழுக்கட்டைப் புல் விதைகளைத் தூவினோம். மூன்றும் நம் செம்மண் பொட்டலிலேயே வளர்கிறவை.

இதை ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியிருந்தது என்பதில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. மரம் வெட்டும்போது அதே ஜேசிபி அங்கேயே நிற்கிறது. கடைசி லோடு போகும் அன்றைக்கு அரை நாள் கூட நின்றால் இந்த வேலை முடிந்துவிடும். விட்டுவிட்டால், போன முறை நாங்கள் நூறு நாள் வேலையில் செய்ததுபோல ஊருணியைத் தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமலே. வெட்டுக் குத்தகைப் பத்திரத்தில் குழாயை எடுப்பதும், தடத்தைக் கீறிக் குறுக்கு வரப்புப் போடுவதும் வேலையின் பகுதியாக எழுதப்பட வேண்டும். ஊர் சார்பில் ஒருவர் நேரில் பார்த்துச் சரி என்ற பிறகே முன்பணம் திரும்பக் கிடைக்க வேண்டும். அதுவும் புரட்டாசி முடிவதற்குள். ஐப்பசி பிறந்துவிட்டால் மண் யாருக்காகவும் காத்திருக்காது.

உங்கள் ஊர்ப் பக்கம் இப்போது வெட்டு நடக்கிறது என்றால், லாரி வரத்துக்காலைக் கடக்கிற இடத்தை மட்டுமாவது இன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் எப்படி இருந்தது என்று காட்ட ஆதாரம் வேண்டும். எங்களிடம் அது இல்லாமல்தான் வாக்குவாதத்தில் திணறினோம்.

போன வாரம் ஒரு மணி நேரம் நல்ல மழை. விட்டதும் தடத்துக்கு ஓடினேன். ஆறு வரப்பில் ஐந்து வேலை செய்திருந்தன. நாலாவது வரப்பின் வாலில் சருகு அடைத்துத் தண்ணீர் மேலேறிப் போயிருந்தது. சனிக்கிழமை காலையில் மண்வெட்டியோடு போகிறோம். அந்தப் பெரியவரும் வருகிறேன் என்றிருக்கிறார்.