நூறு ராண்டும் பத்து நாளும்

இந்தப் பதிவைத் தமிழில் எழுத ஒரு காரணம் இருக்கிறது. பக்கத்து வீட்டு அங்கிளுக்குத் தமிழ் காதில் விழுந்தால் பாதி புரியும், படிக்கத் தெரியாது. சின்ன வயதில் சனிக்கிழமைதோறும் அம்மா என்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது ஐம்பத்து மூன்று வயதில் இப்படிக் கைகொடுக்கிறது. யாரும் மொழிபெயர்த்து அவருக்குக் காட்டிவிடாதீர்கள். நல்ல மனுஷர். தீபாவளிக்கு முதல் பலகாரத் தட்டு அவர் வீட்டிலிருந்துதான் வரும்.

ஊர்ப் பெயரும் வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், கடலோரத்தில் மேடும் பள்ளமுமான ஓர் இடம், அவ்வளவு போதும்.

அங்கிள் தன் வீட்டின் பின்பக்கத்தை இடித்துவிட்டு மூன்று அறை அவுட்பில்டிங் கட்டினார், வாடகைக்கு விட. அதில் தப்பே இல்லை. பென்ஷன் பத்தவில்லை, மகனுக்கு வேலை போய்விட்டது. எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குப் பின்னால் அப்படி ஒன்று நிற்கிறது. "ரெண்டே மாசம் தம்பி, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார். பதினோரு மாதம் ஆனது.

முதல் நாளே கூரையில் கை வைத்தார்கள். எழுபதுகளில் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இரண்டு பையன்கள் மேலே ஏறிச் சுத்தியலால் அடித்து நொறுக்க, கீழே ஒருவர் துண்டுகளை வாரி பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில், போட்டுக்கொண்டிருந்தார். மூக்கில் ஒரு துணி கூட யாரும் கட்டவில்லை. வெள்ளைப் பொடி எங்கள் கொடியில் காய்ந்த துணியிலும் அம்மாவின் கறிவேப்பிலை மரத்திலும் படிந்தது. அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது, மூச்சுக்கு இழுக்கும் பம்ப் இல்லாமல் தூங்க மாட்டார். அன்று ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு உள்ளே புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பிரீஸ்காவிலும் குருமானிலும் ஆஸ்பெஸ்டாஸ் தோண்டிய நாடு இது. அந்தத் தூசு நுரையீரலில் இறங்கினால் இருபது, முப்பது வருஷம் கழித்துக் கணக்குக் கேட்கும் என்று இந்த நாட்டுக்குத் தெரியாமல் இல்லை. 2008இல் ஆஸ்பெஸ்டாஸைப் பயன்படுத்துவதையும் செய்வதையும் இறக்குவதையும் தடை செய்தார்கள். பழைய கூரையைப் பிரிப்பதற்கென்று 2020இல் தனி விதிகளே வந்தன: இப்படி முழுக் கூரையைப் பிரிக்கும் ஒப்பந்தக்காரர் தொழிலாளர் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், ஷீட்டை நனைக்க வேண்டும், முடிந்தவரை உடைக்காமல் இறக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் சுற்றி அதற்கென்று அனுமதி பெற்ற குப்பைமேட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். எங்கள் பக்கத்துக் கூரையின் ஒரு பகுதி ஓடைக்கரையில் கிடப்பதை அடுத்த வாரமே பார்த்தேன்.

சரி, நகராட்சியில் புகார் செய்தேனா? செய்தேன். பெயர் சொல்லாமல். ஒரு குறிப்பு எண் கொடுத்தார்கள். பிளான் பாஸ் ஆகியிருக்கிறதா என்று கேட்டதற்கு, "அது உங்க எர்ஃப் (மனை) இல்லையே" என்றார் அந்தப் பக்கம் பேசிய பெண் அலுவலர். இன்ஸ்பெக்டர் வந்தது ஆறு வாரம் கழித்து. அதற்குள் கூரையும் இல்லை, அதன் கீழே இருந்த சுவரும் இல்லை. அந்த மனுஷர் மேல் எனக்குக் கோபமில்லை. இந்த மலை முழுக்க அவர் ஒருவர்தான், காரைத் தெரு முனையில் நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க ஏறி வந்தார்.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு முன் சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

தேசியக் கட்டட ஒழுங்குவிதிகளில் எஃப் பகுதி என்று ஒன்று உண்டு, கட்டுமான இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு. படித்துப் பார்த்தால் அசந்துபோவீர்கள், அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தைத் தொல்லைப்படுத்தும் யந்திரமோ கருவியோ ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் ஓடக் கூடாது. சனிக்கிழமை காலை 6 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் கூடாது. மற்ற நாட்களில் காலை 6க்கு முன்பும் மாலை 6க்குப் பின்பும் கூடாது. உயிர் காக்கும் அவசரம், அத்தியாவசியச் சேவை, நகராட்சியே கொடுத்த தளர்வு, இவற்றுக்கு மட்டும் விலக்கு. தூசியை அடக்க வேண்டும், இடிபாட்டை அளவுக்கு மீறிக் குவித்து வைக்கக் கூடாது, வேலையாட்களுக்குக் கழிப்பறை இல்லாமல் வேலையையே தொடங்கக் கூடாது. எல்லாம் இருக்கிறது. (அங்கிள் வீட்டு வேலையாட்களுக்குக் கழிப்பறை, ஓடைக்கரைப் புதர். தண்ணீருக்கு எங்கள் கேட்டைத் தட்டுவார்கள். அம்மா ஐஸ் போட்டுக் கொடுப்பார்.)

ஆனால் அந்தச் சத்தம் தொல்லையா இல்லையா என்பதை நகராட்சியின் கருத்துதான் தீர்மானிக்கும் என்று அதே விதி சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை நகராட்சிக்கு ஏது கருத்து? அலுவலகம் பூட்டியிருக்கும். அங்கிள் வீட்டில் கிரைண்டர் சரியாக ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தொடங்கும், ஏனென்றால் வாரநாளில் அந்த ஆட்கள் வேறு சைட்டில். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நாங்கள் விளக்கேற்றிப் படைத்துக் கோவிந்தா போடும்போது ஜாக்ஹாமர் ஓடியதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, சட்டப்படி அது அவர்கள் நேரம்.

இனி தலைப்பில் சொன்ன அந்த நூறு ராண்டு (ராண்டு எங்கள் நாட்டு நாணயம்). 1977ஆம் ஆண்டின் 103ஆம் எண் சட்டம்தான் இதற்கெல்லாம் தாய்ச் சட்டம். பிளான் பாஸ் ஆகாமல் கட்டினால் குற்றம். தண்டனை? கட்டிய ஒவ்வொரு நாளுக்கும் அதிகபட்சம் 100 ராண்டு. ஆமாம், நூறு. இன்றைக்கு ஒரு குவாட்டர் மட்டன் 'பன்னி சௌ' (கால் ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தருவார்களே, அது) வாங்கப் போனால் அது பத்துமா என்பதே சந்தேகம். அதுவும் வழக்குப் போட்டு, நிரூபித்து, மாஜிஸ்திரேட் தண்டித்தால்தான். அவ்வளவு அலைந்து அந்த நூறு ராண்டை வாங்க எந்த அதிகாரிக்குத் தோன்றும்?

மறுகோடியில் இருப்பது இடிப்பு. இதே சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி நகராட்சி மாஜிஸ்திரேட்டிடம் போய், அனுமதியில்லாத கட்டடத்தை இடிக்க உத்தரவு வாங்கலாம். ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் கென்டன்-ஆன்-சீ என்ற கடலோர ஊரில் ஒருவர் கட்டிய பெரிய வீடு வருஷக்கணக்கில் வழக்கில் கிடந்து, 2013இல் முழுக்க இடிக்க வேண்டியதுதான் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கருணை காட்ட அந்தப் பிரிவில் தங்களுக்கு இடமில்லை என்றார்கள் நீதிபதிகள்.

ஒரு பக்கம் நூறு ராண்டு, மறுபக்கம் புல்டோசர். நடுவில் ஒன்றுமே இல்லை. எனக்கு அங்கிள் வீடு இடிய வேண்டாம். இடிப்பு என்ற சொல்லே எங்கள் ஆட்களுக்கு வேறு மாதிரிக் கேட்கும். டர்பனில் நகராட்சி வேலை பார்த்த இந்தியர்கள், அதில் தமிழரும் தெலுங்கரும் எக்கச்சக்கம், தலைமுறைகளாகக் குடியிருந்த மேகசின் பாரக்ஸ் அறுபதுகளில் காலி செய்யப்பட்டு, ஜனங்கள் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டார்கள். கோயிலும் பள்ளிக்கூடமும் அரச மரமும் இருந்த இடம் அது. என் பெரியம்மா கடைசிவரை சாட்ஸ்வொர்த் வீட்டை 'இங்கே' என்றும் பாரக்ஸை 'வீட்டிலே' என்றும்தான் சொல்வார். அந்த சாட்ஸ்வொர்த் வீடுகளுக்கே இப்போது அறுபது வயது ஆகிறது. 60 வருஷத்தைத் தாண்டிய எந்தக் கட்டடத்தையும் மாகாணப் பாரம்பரிய அமைப்பின் அனுமதியில்லாமல் மாற்றவோ இடிக்கவோ கூடாது என்பது 1999ஆம் ஆண்டுச் சட்டம். துரத்திக் கொண்டுபோய் அடைத்த பெட்டி வீடுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம்பரியச் சின்னம் ஆகின்றன. சிரிப்பதா அழுவதா?

விஷயத்துக்கு வருகிறேன். எல்லாத் தொல்லையும் யாராவது புகார் செய்தால்தான் நகராட்சியின் கண்ணில் படும் என்ற ஏற்பாடுதான் என் கோபம். எங்கள் மாதிரித் தெருவில் யார் புகார் செய்வார்கள்? ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் அண்டா தூக்குகிறோம். அதை விட முக்கியம், எல்லார் வீட்டிலும் பிளான் இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது. எதிர்வீட்டு அக்காவின் சமையலறை நீட்டிப்பு, மூலைவீட்டு மதில், தெருக்கோடி மாடி. ஒளிப்பானேன், என் கார்போர்ட்டுக்கும் பிளான் கிடையாது. அப்பா 1998இல் தன் கையால் போட்டது. நான் ஏன் பெயர் சொல்லாமல் புகார் செய்தேன் என்று இப்போது புரிந்திருக்கும். இன்ஸ்பெக்டர் அங்கிள் வீட்டைப் பார்த்துவிட்டு அப்படியே தலையை இந்தப் பக்கம் திருப்பினால் நான் தொலைந்தேன்.

புகாரை நம்பி நடக்கும் நிர்வாகத்தில், மடியில் கனமில்லாதவன்தான் வாய் திறக்க முடியும். அப்படி ஒருவர் எங்கள் தெருவில் இல்லை.

அண்டை வீட்டுக்காரன் கட்டடம் கட்டும்போது சொல்லிக்கொள்ள நமக்கு ஏதாவது உரிமை உண்டா என்று பார்த்தேன். பிளான் பாஸ் செய்வதற்கு முன் அண்டை வீட்டாரைக் கேட்க வேண்டிய கட்டாயம் நகராட்சிக்கு இல்லை என்று 2008இலேயே அரசமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லைக்கோட்டை ஒட்டிக் கட்ட விதியில் தளர்வு கேட்டால் கதை வேறு. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: பக்கத்துச் சொத்தின் மதிப்பு குறையாது, உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து வராது என்று நகராட்சி தானே திருப்திப்பட்ட பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். அதாவது, நீ வாயைத் திறக்க வேண்டாம், உனக்காக நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். சரி, பாருங்கள் என்கிறேன்.

பார்ப்பதற்கு வழியும் இருக்கிறது. ஏற்கெனவே விதியில். கட்டத் தொடங்க 4 வேலைநாள் முன்பும், இடிக்கத் தொடங்க 10 வேலைநாள் முன்பும் நகராட்சிக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அஸ்திவாரக் குழியில் கான்கிரீட் போடும் முன் வந்து பார்க்கச் சொல்லியும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அப்படியானால் ஒழுங்காகச் செய்கிறவன் எவனாக இருந்தாலும் அவன் இடிக்கும் தேதி பத்து நாள் முன்பே அந்த அலுவலகத்தின் மேஜையில் இருக்கிறது. எங்களுக்குத் தெரியாது. அந்தத் தாளில் ஒரு நகல் எடுத்து இரண்டு பக்கத்து வீட்டுக் கேட்டிலும் ஒட்டினால் என்ன? ஆஸ்பெஸ்டாஸ் கூரையா, யார் பிரிக்கப் போகிறார், எத்தனை மணி வரை வேலை, யாரிடம் கேட்பது, இந்த நாலு வரி போதும். அம்மாவைத் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். துணி காயப்போட்டிருக்க மாட்டேன். கேட்டில் தாள் இல்லாமல் சுத்தியல் சத்தம் கேட்டால், யாரும் யாரையும் காட்டிக்கொடுக்காமலேயே விஷயம் தெரிந்துவிடும்.

இன்ஸ்பெக்டர் முதல் நாளே வருவது ஏன் முக்கியம் என்பதற்கு எங்கள் மண்ணே சாட்சி. இங்கே வீடுகள் பேங்க் மேல், அதாவது சரிவான மண்மேட்டின் மேல், நிற்கின்றன. அங்கிள் இடம் பத்தாமல் பேங்க்கின் அடியை வெட்டினார், எங்கள் மதிலுக்குக் கீழே, ஏறக்குறைய ஆளுயரத்துக்கு. தன் நிலத்தைத் தோண்டுகிறவன் பக்கத்து நிலம் சரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். எத்தனை வீடுகள் மண்ணோடு சரிந்து போயின என்று நாங்கள் கண்ணால் பார்த்தோம். 2024 மே மாதம் பாலிட்டோவில் வீடு கட்டிக்கொண்டிருந்த இடத்தில் மண்மேடு சரிந்து தொழிலாளர்கள் உயிரோடு புதைந்தார்கள். அதே மாதம் ஜார்ஜ் என்ற ஊரில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி விழுந்து 34 பேர் போனார்கள். அதற்கும் முன்னால், 2013 நவம்பரில், டோங்காட்டில் மால் சரிந்து இரண்டு பேர் செத்தார்கள், 29 பேருக்குக் காயம். அங்கே வேலையை நிறுத்தச் சொல்லி நீதிமன்ற உத்தரவே இருந்தது! காகிதம் இருந்தது, சைட்டில் போய் நிற்க ஆள் இல்லை. 2025 டிசம்பரில் வெருலம் பக்கம் ரெட்கிளிஃபில் கட்டிக்கொண்டிருந்த கோயில் சரிந்தபோது, அதற்குப் பிளானே பாஸ் ஆகவில்லை என்றார்கள். உயிர் போன பிறகு.

மழைக்காலம் முழுக்க இரவு எழுந்து டார்ச் அடித்து மதிலைப் பார்த்தேன். ஒரு விரல் அகலத்துக்கு விரிசல் விட்டிருக்கிறது. அங்கிள் வந்து பார்த்தார், சிமென்ட் பூசித் தந்தார், மன்னிப்பும் கேட்டார். அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது?

இதை எழுதுவதற்கு முன் என் மடிக்கனத்தை இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு ட்ராஃப்ட்ஸ்மேனைக் கூப்பிட்டுக் கார்போர்ட்டைக் காட்டினேன். அளந்தார், கூரையைத் தட்டிப் பார்த்தார், பிளான் வரைய, கட்டணம் கட்ட, இன்ஜினியர் கையெழுத்து வாங்க என்று ஒரு தொகை சொன்னார். பல ஆயிரம். அவர் போனதும் மனைவியிடம் சொன்னேன்.

"மாமா அதை எத்தனை நாள்ல கட்டினாரு?" என்று கேட்டாள்.

"நாலு நாள் இருக்கும்."

"அப்போ நானூறு ராண்டு" என்று சொல்லிவிட்டு டீ கப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.