ரோஸ்வுட் முதுகு இருந்தால்தான் கிட்டார் நன்றாக ஒலிக்குமா?

"முதுகும் பக்கங்களும் ரோஸ்வுட்டாக இருந்தால்தான் நல்ல ஒலி, மஹோகனி, சப்பெலி எல்லாம் மட்டம்." அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கப் போகிறவர்களுக்கு அடிக்கடி கிடைக்கும் இந்த அறிவுரை தவறானது.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். கிட்டார் தயாரிப்பாளர் ரோஜர் பக்னால் அவர்களுக்காக ஆறு கிட்டார்கள் செய்தார். அமைப்பு எல்லாம் ஒன்றே. முதுகும் பக்கங்களும் மட்டும் பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட் (நம் ஈட்டி மரம்தான்), மஹோகனி, மேப்பிள், சப்பெலி, வால்நட் என்று வேறு வேறு. 52 கிட்டார் கலைஞர்கள் மங்கலான வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி அணிந்து, என்ன மரம் என்று தெரியாமலே வாசித்தார்கள். ஒலிக்கு அவர்கள் தந்த மதிப்பெண்கள் ஆறுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மரங்களின் விலையிலோ பெரிய வித்தியாசம்!

அதற்காக மரமே முக்கியமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஒலியில் பெரும்பங்கு மேல்பலகையுடையது. அது ஒரே மரத்தில் அறுத்த ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) பலகையா, ஒட்டுப்பலகையா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் விலைச்சீட்டைப் பார்க்காமல் வாசித்துப் பாருங்கள். பிரேசில் ரோஸ்வுட்டைத் தேடி அலையவே வேண்டாம். அழியும் ஆபத்தில் உள்ள அந்த மரத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1992 முதல் கடும் தடை இருக்கிறது.